மெர்லின் தேடிய வீட்டுப்பாடம்

அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். இந்தக் கதையின் முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது, நிதானமாக யோசிக்க வேண்டியது.

தூத்துக்குடியில் லூர்து என்று ஒருவர். கப்பலில் வேலை, போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். அவர் மனைவி அமலி காய்ச்சலில் இறந்துபோனாள். நான்காம் வகுப்பு படிக்கும் மெர்லின் ஒருத்திதான் பிள்ளை.

அமலி இருந்தபோது அந்த வீட்டில் ஒரு வழக்கம். சாயங்காலம் ஜெபமாலை சொல்லி முடித்ததும் கூடத்தில் பாய் விரிப்பார்கள். மெர்லின் வீட்டுப்பாடம் எழுதுவாள். அமலி பூண்டு உரித்துக்கொண்டோ, நோட்டில் மார்ஜின் போட்டுக்கொண்டோ இருப்பாள். அவள் போன பிறகும் பிள்ளை பாயை விரித்தாள். ஓர் ஓரமாக உட்காருவாள், பென்சிலைச் சீவுவாள், ஒரு வரிகூட எழுதாமல் பையை மூடிவிடுவாள். பள்ளியில் தினமும் திட்டு.

"பாவம், பிள்ளைக்குப் பாடம் தாங்கல" என்றார்கள் எல்லோரும்.

முப்பதாம் நாள் பூசைக்கு அமலியின் தங்கை ஆக்னஸ் பின்லாந்திலிருந்து வந்தாள். அண்ணன் டென்சில் சிங்கப்பூரிலிருந்து வந்தார். இருவருமே பிள்ளையைத் தங்களோடு அனுப்பச் சொன்னார்கள். லூர்து, "அவளையே கேளுங்க" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மெர்லின் கேட்டது ஒன்றுதான். "அங்க வீட்டுப்பாடம் உண்டா சித்தி?"

"பேருக்குத்தான் கண்ணு. என் மகன் கால்மணி நேரத்துல தானே முடிச்சிட்டு விளையாடப் போயிருவான். நான் எட்டிக்கூடப் பார்க்கிறதில்ல."

டென்சில் சிரித்தார். "நம்ம வீடு வீடே இல்லம்மா, பரீட்சை ஹால். பள்ளிக்கூடப் பாடம் முடிஞ்சா டியூஷன் பாடம். உங்க அத்தை எங்க பையன் பக்கத்துல உட்கார்ந்தா சாப்பிடக்கூட எந்திரிக்க மாட்டா. அவனும் அழுவான், அவளும் அழுவா."

"இப்படிப் பயமுறுத்துனா உன்கூட எப்படிண்ணே வருவா?"

"பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போகச் சொல்றியா?"

மெர்லின் எழுந்து வந்து டென்சிலின் கையைப் பிடித்தாள். "நான் மாமாகூடப் போறேன்."

ஆக்னஸ் அழுதேவிட்டாள்.

இப்போது சொல்லுங்கள். பாடம் எழுதாமல் தினமும் திட்டு வாங்கிய பிள்ளை, பாடம் குறைந்த ஊரை விட்டுவிட்டு, பாடம் மலையாகக் குவிகிற வீட்டுக்கு ஏன் போனாள்?

விடை: மெர்லினுக்குப் பாடம் என்றைக்குமே பாரமாக இருந்ததில்லை. பாயில் அவள் ஓரமாக உட்கார்ந்தது அம்மாவுக்கு இடம் விட்டு. வீட்டுப்பாடம் நிறைய இருக்கிற வீட்டில்தான் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் என்று அந்தச் சின்ன மனசு நினைத்துக்கொண்டது. ஆக்னஸின் பாசத்தில் குறை ஒன்றும் இல்லை. பாடம் சுமையாக இருக்குமா என்றுதான் பிள்ளை கேட்கிறாள் என்று எண்ணிவிட்டாள், அவ்வளவுதான்.

புறப்படும் நாளில் மெர்லின் அந்தப் பாயைச் சுருட்டி எடுத்து வந்தாள். "அங்க மேஜை, நாற்காலி எல்லாம் இருக்கும்மா" என்றார் லூர்து.

"அத்தை கீழ உட்கார மாட்டாங்களாப்பா?"

அவர் பாயைக் கயிறு போட்டுக் கட்டினார். மாதாவே, அந்த அத்தை கீழே உட்கார வேண்டும்.