ஊசிக்கு ஓர் ஆள்

பேத்தியைத் தூக்கிக் கொஞ்ச ஏகாம்பரத்துக்குக் கை பரபரத்தது. கல்யாணப் பந்திக்கு அண்டா இறக்குகிற கை அது. ஆனால் மகள் தேன்மொழி தொட்டிலுக்குக் குறுக்கே நின்றுவிட்டாள்.

"கக்குவான் இருமல் ஊசி போட்டவங்கதான் குழந்தையைத் தூக்கணும்ப்பா. டாக்டரம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க."

சொன்னால் சொன்னபடி நடக்கிற ஆள் ஏகாம்பரம். அவருடைய சமையல் கோஷ்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அடுப்பை விட்டு நகராதே என்று சொல்லப்போய், பூட்டிய மண்டபத்துக்குள்ளேயே ஒருவன் தங்கிவிட்ட கதையெல்லாம் உண்டு.

அவரும் கோஷ்டி ஆட்கள் மூன்று பேருமாக, நாலு பேரும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள்.

"சின்ன வயசுல போட்டது போதாதாம்மா?" என்றார் ஏகாம்பரம்.

"அதோட வலு நாளாக நாளாகக் குறைஞ்சிடும் ஐயா. குழந்தை பக்கத்துல இருக்கிற பெரியவங்க மறுபடி போட்டுக்கணும். கை கொஞ்சம் வலிக்கும், லேசா காய்ச்சல் வரலாம், அவ்வளவுதான்," என்றார் நர்ஸ். "வெளியில உட்காருங்க, கூப்பிடுறேன்."

வெளியே பெஞ்சில் ஆலோசனை நடந்தது.

"எல்லாருக்கும் கை வலிச்சா நாளைக்கு முகூர்த்தத்துக்கு யாருண்ணே கரண்டி பிடிக்கிறது?" என்றான் துரைக்கண்ணு.

"எல்லாரும் எதுக்குப் போடணும்?" என்றான் வீராச்சாமி. "சாம்பார்ல உப்பு பார்க்க நாலு பேருமா நக்குறோம்?"

நியாயம்தானே! மூன்று பேரும் பொன்னுரங்கத்தைப் பார்த்தார்கள். கோஷ்டிக்கு ருசி பார்ப்பவன் அவன்தான். அவன் தலையை ஆட்டிவிட்டால் எல்லோரும் ருசி பார்த்த மாதிரி. பொன்னுரங்கம் கடமையுணர்ச்சியோடு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனான். மற்றவர்களை நர்ஸ் கூப்பிட வந்தபோது, அவர்கள் காய் வாங்கச் சந்தைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

ரெண்டு வாரம் கழித்துத் தூக்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நாள் வந்ததும் நாலு பேரும் குளித்து விபூதி பூசிக்கொண்டு போய் நின்றார்கள்.

"எல்லாரும் போட்டாச்சா?" என்றாள் தேன்மொழி.

"பொன்னுரங்கம் போட்டுக்கிட்டான்மா. நாங்க போட்ட மாதிரிதான்."

தேன்மொழி தலையில் அடித்துக்கொண்டாள். "அப்ப அவரு மட்டும் தூக்கட்டும். நீங்க போய்ப் போட்டுட்டு வாங்க." குழந்தையைப் பொன்னுரங்கத்தின் மடியில் வைத்துவிட்டுக் கஞ்சி குடிக்க உள்ளே போனாள்.

பேத்தி கொட்டாவி விட்டாள். ஏகாம்பரத்துக்கு வயிறெரிந்தது. சொந்தத் தாத்தா தள்ளி நிற்கிறார், உப்பு பார்க்கிறவன் கொஞ்சுகிறான்! கண் கலங்கிவிட்டது, பாவம்.

வீராச்சாமிக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, கொதிக்கிற அண்டாவை வெறுங்கையாலயா தொடுறோம்? நடுவுல கரித்துணி வச்சுத்தானே தூக்குறோம்?"

ஏகாம்பரத்துக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது.

தேன்மொழி கை கழுவிவிட்டு வந்து பார்த்தாள். நாற்காலியில் அப்பா. அப்பா மடியில் பொன்னுரங்கம், மீசையும் தொந்தியுமாக. பொன்னுரங்கத்தின் மடியில் குழந்தை. ஏகாம்பரம் ஆனந்தக் கண்ணீரோடு ஆராரோ பாடித் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

குழந்தை கொட்டக் கொட்ட விழித்திருந்தது. பொன்னுரங்கம் தூங்கிவிட்டான்.