அரசர் ஆறு முழம் வளர்ந்த கதை

மழைக்கும் பஞ்சமில்லை, மன்னருடைய ஆசைகளுக்கும் பஞ்சமில்லை என்று ஒரு நாடு முன்னொரு காலத்தில் இருந்தது.

கஜானா ஒரே மாதத்தில் இரட்டிப்பாக வேண்டும் என்று அரசருக்கு ஆசை வந்தது. பொக்கிஷ அதிகாரி அனந்தப்பர் வெள்ளிக்காசுகளை உருக்கி, பாதிக்குப் பாதி செம்பு கலந்து, ஒன்றை இரண்டாக வார்த்துக் கொடுத்தார். அரசர் பூரித்துப் போனார்.

அரண்மனை விகடகவி குப்பாண்டியின் வீட்டிலோ உலையில் பாதி அரிசிதான் வெந்தது.

"நாலு படி குடுத்த காசுக்கு இப்ப ரெண்டு படிதான் கடைக்காரன் அளக்கிறான்" என்றாள் அவன் மனைவி பேச்சாயி. "பழைய நல்ல காசையெல்லாம் ஆளாளுக்குப் பானையில போட்டுப் புதைச்சிட்டாங்க. நூல் வாங்கக் கடன் கிடைக்காம நம்ம தெருவுல ஒரு தறிகூட ஓடல."

குப்பாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் சபையில் இதைச் சொல்லியும்விட்டான். அனந்தப்பருக்குச் சுருக்கென்றது.

"அரசே! நான் கஜானாவை இரட்டிப்பாக்கினேன். இவன் தங்கள் உயரத்தை இரட்டிப்பாக்கிக் காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்!"

அரசர் சற்றுக் குள்ளம். ஆசை விடுமா? "நாளைக்குள் செய்!" என்று உத்தரவிட்டார்.

மறுநாள் குப்பாண்டி ஒரு முழக்கோலோடு வந்தான். "நேற்றுவரை தாங்கள் மூன்று முழம், அரசே" என்று சொல்லி, பாதத்திலிருந்து உச்சிவரை அளந்தான். "இன்று ஆறு முழம்!"

அரசர் கோலைப் பிடுங்கிப் பார்த்தார். "அடேய், கோலைப் பாதியாக நறுக்கிவிட்டாயே! நான் ஒரு விரற்கடைகூட வளரவில்லையே!"

"கஜானாவும் அப்படித்தான் வளர்ந்தது, அரசே. அவர் காசில் கைவைத்தார், நான் கோலில் கைவைத்தேன்."

திடீரென்று அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அனந்தப்பரின் முகம்தான் செம்பாகச் சிவந்தது.

"சரி, நாடு நிஜமாகவே வளர என்ன வழி?" என்று கேட்டார் அரசர்.

"சுத்த வெள்ளியில் காசு அடியுங்கள், அரசே. நம்பிக்கை வந்தால் புதைத்த பானைகள் வெளியே வரும். பிறகு அரண்மனைப் பொறுப்பில் ஒரு சேமிப்புச் சாலை திறங்கள். பணம் இருப்பவர் அங்கே போட்டுவைக்கட்டும். நெசவாளி குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கித் தறி ஓட்டட்டும்."

அப்படியே நடந்தது. தை பிறப்பதற்குள் தெருவெல்லாம் தறிச் சத்தம். கடையில் படி நிறைய அரிசி.

மகிழ்ந்த அரசர் குப்பாண்டிக்கு ஒரு பண முடிப்பைக் கொடுத்தார். அவன் அங்கேயே ஒரு காசை எடுத்துக் கடித்துப் பார்த்தான்.

"என்னடா, என்னையே சந்தேகப்படுகிறாயா?"

"ஐயோ, தங்களையா? கடித்துப் பார்த்தாயா என்று வீட்டில் பேச்சாயி கேட்பாள், அரசே!"

அரசர் சிரித்த சிரிப்பில் மகுடம் சரிந்தது. "இது பேச்சாயிக்கு!" என்று இன்னொரு முடிப்பையும் தூக்கிப் போட்டார்.