செம்போத்தின் தலையசைப்பு

வேங்கைமரக் குளத்தின் கரையில் கண்ணாத்தாள் என்ற ஆள்காட்டிக் குருவி இருந்தாள். மஞ்சள் கால், சிவந்த அலகு, எந்நேரமும் அலைந்துகொண்டிருக்கும் கண். புதருக்குள் ஒரு மீசை அசைந்தால் போதும், "டிட்டிட்டீ! டிட்டிட்டீ!" என்று குளமே அதிரக் கூவிவிடுவாள். தண்ணீர் குடிக்க வந்த மான்கள் சிதறி ஓடும். சிறுத்தை வெறும் வயிற்றோடு திரும்பிப் போகும்.

அந்தக் கோடையில் காட்டின் மற்றச் சுனைகள் எல்லாம் வற்றிவிட்டன. இந்தக் குளத்தின் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. தாகம் எடுத்தால் யாராக இருந்தாலும் இங்கேதான் வந்தாக வேண்டும். அது சிறுத்தைக்கும் தெரியும். கண்ணாத்தாளின் தொண்டைக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று.

ஒரு நாள் அவள் தவறு செய்தாள். காற்றில் இழுபட்டு வந்த காய்ந்த ஈச்சமட்டையைச் சிறுத்தை என்று நினைத்துக் கூவிவிட்டாள். மான்கூட்டம் தலைதெறிக்க ஓடியது. சினையாக இருந்த மான் ஒன்று பள்ளத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டது.

அந்தத் தவறைக் கண்டுபிடித்தவர் ஏகாம்பரம் என்ற செம்போத்து. பறப்பதைவிட நடப்பதையே விரும்பும் கனத்த பறவை. செம்பழுப்புச் சிறகு, ரத்தச் சிவப்புக் கண், பானைக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். அவர் அந்த மட்டையைக் கரைக்கு இழுத்து வந்து எல்லோர் முன்னாலும் போட்டார்.

"இதோ பாருங்க, உங்க சிறுத்தை! நல்லா உறுமுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாத்தாள் சிரிக்கவில்லை. மட்டையை ஒரு முறை பார்த்தாள். பள்ளத்தில் கிடந்த மானையும் பார்த்தாள்.

"தப்புத்தான். என் கண்ணு ஏமாந்துடுச்சு. இனிமே இன்னும் கவனமா இருக்கேன்" என்றாள்.

ஏகாம்பரம் அன்று சொன்னது முழு உண்மை. காடே அவரைப் பாராட்டியது. தொல்லை அந்தப் பாராட்டில்தான் தொடங்கியது.

மறுநாளே அவர் குளத்தோரத்துக் கறையான் புற்றின் மேல் ஏறி நின்றார். 'கூவல் கண்காணிப்புச் சபை' ஒன்று தொடங்கப்பட்டதாக அறிவித்தார். சபைக்குத் தலைவர் அவர். உறுப்பினரும் அவர்தான். அன்று முதல் தினமும் கண்ணாத்தாளின் கூவலில் அவர் பிழை கண்டார். பிழை இல்லாத நாளில் பிழை இல்லாததே சந்தேகத்துக்குரியது என்றார்.

"இந்த ஒரு மாசத்துல இவ சிறுத்தையைப் பத்தி நாப்பது தடவை கூவியிருக்கா. யானையைப் பத்தி எத்தனை தடவை? ஒரு தடவைகூட இல்லை! இது ஒருதலைப்பட்சம் இல்லாம வேற என்ன?"

கண்ணாத்தாளுக்குத் தலை சுற்றியது. "யானை யாரையும் திங்கிறதில்லையேண்ணே!" என்றாள்.

"பாத்தீங்களா? யானைக்குப் பரிஞ்சு பேசுறா! அவ வாயாலேயே வந்துடுச்சு!"

கேட்டுக்கொண்டிருந்த காட்டுப்பன்றிகள் 'அதானே' என்றன. எதற்கு 'அதானே' என்று அவற்றுக்குத் தெரியாது.

ஏகாம்பரத்துக்குப் பழைய காலம் என்றால் உயிர். "எங்க தாத்தா காலத்துல ஆள்காட்டின்னா மூணே மூணு தரம் கூவும். அதுவும் அடக்க ஒடுக்கமா. பெரிய மிருகம் வந்தா சின்ன மிருகம் தானே ஒதுங்கிப் போகும். காட்டுக்குன்னு ஒரு முறை இருந்துச்சு. இவ கத்திக் கத்தியே எல்லாத்தையும் கெடுத்துட்டா!" என்பார். அவருடைய தாத்தா காலத்தில் மான்கள் எத்தனை செத்தன என்று யாரும் கேட்கவில்லை.

சபையின் பெயரும் அவ்வளவு சுத்தமாக இருக்கவில்லை. ஒரு நாள் ஏழு தவிட்டுக்குருவிகள் புற்றடியில் சண்டை போட்டுக்கொண்டன. சண்டையில் ஒன்று உளறிவிட்டது: "கூவலை எண்ணுறது நாங்க ஏழு பேரு! இவரு அந்த நேரம் புதருக்குள்ள நத்தை தின்னுக்கிட்டு இருக்காரு! இவரு காதால ஒரு கூவலாச்சும் கேட்டிருப்பாரா?"

காடு ஒரு நாள் முழுக்க அதையே பேசியது. மறுநாள் ஏகாம்பரம் புற்றில் ஏறி, "கேட்டால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கேட்காமல் இருப்பதுதான் நடுநிலை" என்றார். காட்டுப்பன்றிகள் 'அதானே' என்றன.

அடுத்த வாரம் கொண்டைக்குருவியின் முட்டைகள் காணாமல் போயின. ஏகாம்பரத்தின் அலகு ஓரத்தில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. "முட்டையின் தரத்தைப் பரிசோதித்தேன்" என்றார். அதையும் கண்ணாத்தாளின் சூழ்ச்சி என்று நம்பியவர்கள் இருந்தார்கள். அவருக்கு என்ன அவப்பெயர் வந்தாலும் அது எப்படியோ சுற்றிக்கொண்டு வந்து கண்ணாத்தாளின் தலையில் விழுந்தது.

இத்தனைக்கும் சிறுத்தை அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை.

மான்கூட்டத்துக்குத் தலைவன் கிளைக்கொம்பன். நல்லவன்தான்; ஆனால் களைத்துப்போயிருந்தான். வெயிலில் மூன்று மலை ஏறி இறங்கி வந்து, இரண்டு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் ஓட வேண்டியிருந்தது. ஓடாமல் இருக்க யாராவது ஒரு காரணம் சொன்னால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. ஏகாம்பரம் அதைச் சொன்னார்.

"இனிமே இவ கூவின உடனே ஓடாதீங்க. சாயங்காலம் நான் புற்று மேலயே இருப்பேன். கூவல் முறையானதுதானான்னு பார்த்துத் தலையசைப்பேன். நான் அசைச்சா ஓடுங்க. அசைக்கலைன்னா நிம்மதியா தண்ணி குடிங்க!"

"நல்ல யோசனையா இருக்கே!" என்றான் கிளைக்கொம்பன்.

கண்ணாத்தாள் பதறிப்போய் அவன் முன்னால் வந்து நின்றாள். "தலைவரே, சிறுத்தை பாயறதுக்கு ஒரு மூச்சு நேரம் போதும். இவரு தலையசைக்கிற வரைக்கும் அது காத்திருக்குமா?"

"நீ ஈச்சமட்டைக்குக் கூவினவதானே?" என்றான் அவன்.

"ஆமா, கூவினேன். ஒரு தடவை. மத்த நாப்பது தடவையும் சிறுத்தை வந்துச்சா இல்லையா?"

"அதையும் சபைதான் சொல்லணும்" என்றார் புற்றின் மேலிருந்து ஏகாம்பரம்.

கண்ணாத்தாள் கரைக்குத் திரும்பிப் போனாள். அப்படிப் பேசுபவரிடம் அதற்கு மேல் என்ன பேசுவது?

அன்று மதியம் பூரணி என்ற பெண்மான் அவளைத் தேடி வந்தாள். கண்ணாத்தாள் கரைக் கூழாங்கற்களுக்கு நடுவில் நான்கு முட்டை இட்டிருந்தாள். ஆள்காட்டிகள் கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில்தான் இடும். எங்கே கால் வைப்பது என்று பார்த்துப் பார்த்து நடக்கும் ஒரே மான் பூரணிதான்.

"கோவமா இருக்கியா அக்கா?"

"கோவமில்லடி, அலுத்துப் போச்சு. சிறுத்தையைப் பாக்குறதுக்கு ஒரு கண்ணு, இந்த மனுஷரைப் பாக்குறதுக்கு ஒரு கண்ணுன்னா, முட்டையைப் பாக்க எனக்கு மூணாவது கண்ணா இருக்கு?"

பூரணி சிரித்தாள். "இவரு மனுஷரா? பறவைன்னுல்ல நினைச்சேன்!"

"ரெண்டுமில்ல. நீ ஒண்ணு பண்ணு. நான் கூவினா யாரையும் பாக்காம ஓடிடு. எனக்காக வேணாம், உன் குட்டிக்காக."

"கூட்டம் நிக்கும்போது நான் மட்டும் எப்படிக்கா ஓடுறது? நாளைக்கு என்னைக் கோழைன்னுவாங்க."

"சொல்லிட்டுப் போறாங்க! சொல்றதைக் கேட்க நீ உயிரோட இருப்பியே!"

பூரணி முட்டைகளைத் தாண்டிப் பூப்போலக் கால் வைத்து நடந்து போனாள்.

சாயங்காலம் மான்கள் தண்ணீரில் இறங்கின. ஏகாம்பரம் புற்றின் மேல் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். சபை தொடங்கிய பிறகு அவர் கூவல் நேரத்தில் குளத்தருகே இருந்தது அதுதான் முதல் முறை.

மேற்குக் கரைக் கோரைப்புல்லில் ஒரு மஞ்சள் கோடு நகர்ந்தது. கண்ணாத்தாள் ஒரு முறை பார்த்தாள். ஈச்சமட்டையின் ஞாபகத்தில் இன்னொரு முறையும் பார்த்தாள். மட்டைக்குக் காது இல்லை, இதற்கு இருந்தது.

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

மான்களின் கால்கள் துடித்தன. ஆனால் ஒன்றும் ஓடவில்லை. உடன்பாடு உடன்பாடுதானே! எல்லாத் தலைகளும் ஒன்றாகப் புற்றின் பக்கம் திரும்பின.

புற்றின் மேல் யாரும் இல்லை.

முதல் கூவல் காதில் விழுந்த அந்த நொடியே ஏகாம்பரம் கிளம்பிவிட்டார். நடப்பதையே விரும்பும் அந்தக் கனத்த பறவை அன்று குளத்தைத் தாண்டி, புதரைத் தாண்டி, மருத மரத்தின் உச்சிக்கே பறந்து போயிருந்தது. தலையசைக்க நேரமில்லை.

வெறும் புற்றைப் பார்த்துக்கொண்டு மான்கள் ஒரு மூச்சு நேரம் நின்றன. சிறுத்தைக்கு அது போதுமானதாக இருந்தது.

மற்ற மான்கள் தப்பின. பூரணி தப்பவில்லை. கண்ணாத்தாள் தொண்டை கிழியக் கூவிக்கொண்டே சிறுத்தையின் முகத்தை நோக்கித் தாழப் பாய்ந்தாள். அது அவளை ஒரு ஈயைப்போல ஒதுக்கிவிட்டுப் பூரணியை இழுத்துக்கொண்டு கோரைக்குள் போய்விட்டது. கரையில் ஒரு குட்டி மட்டும் தாயைத் தேடிக் கத்தியது.

மறுநாள் காலையில் ஏகாம்பரம் வழக்கம்போல் புற்றின் மேல் நின்றார்.

"நேற்றைய கூவலைச் சபை ஆராய்ந்தது. கூவல் தாமதம். ஒரு முறைக்கு இரு முறை பார்த்துவிட்டுக் கூவியிருக்கிறாள். இந்த அலட்சியத்தால் ஒரு உயிர் போயிருக்கிறது!"

கண்ணாத்தாளுக்குக் கண்ணில் நீர்கூட வரவில்லை. ஒரு முறை பார்த்தால் அவசரம். இரு முறை பார்த்தால் அலட்சியம். எத்தனை முறை பார்த்தால்தான் சரி என்று கேட்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

கிளைக்கொம்பன் முன்னால் வந்தான். அவனோடு பூரணியின் குட்டியும் நின்றது.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? நேத்து நீங்க எங்க போனீங்க?"

"நான் எங்கேயும் போகலையே. இடம் மாறினேன். உயரத்துல இருந்து பார்த்தாதான் பரிசீலனை சரியா வரும்."

"எதைக் கேட்டு மாறினீங்க?"

"என்ன கேள்வி இது?"

"சிறுத்தையை நீங்க பார்த்தீங்களா?"

"புற்றிலிருந்து கோரைப்புல் தெரியாதே."

"அப்போ சிறுத்தையைப் பாக்கலை. அவ கூவினது மட்டும்தான் கேட்டுச்சு. அதைக் கேட்டுட்டு மருத மரத்து உச்சிக்குப் பறந்தீங்க. அப்படித்தானே?"

ஏகாம்பரத்தின் சிவப்புக் கண் இரண்டு முறை மூடித் திறந்தது. "இந்தக் கேள்வியே ஒருதலைப்பட்சமானது" என்றார்.

காட்டுப்பன்றிகள் 'அதானே' என்றன. ஆனால் இந்த முறை அவற்றின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கூட்டம் கலைந்ததும் தவிட்டுக்குருவிகள் கண்ணாத்தாளைச் சூழ்ந்துகொண்டன. "அக்கா, இப்பவே ஒரு பொய்க் கூவல் விடுங்க! மனுஷன் திரும்பவும் மரத்து உச்சிக்குப் பறப்பாரு. காடே கைகொட்டிச் சிரிக்கும்!"

"வேணாம்" என்றாள் கண்ணாத்தாள்.

"ஏன்க்கா? அவருக்கு ஒரு பாடம் வேணாமா?"

"நான் ஒரு தடவை பொய்யாக் கூவினா, அவரு இத்தனை நாளா என்னைப் பத்திச் சொன்னதெல்லாம் உண்மையாயிடும். அந்த உதவியை நான் அவருக்குப் பண்ண மாட்டேன். போங்க, உங்க வேலையைப் பாருங்க!"

நான்கு நாள் சிறுத்தை வரவில்லை. நான்கு நாளும் ஏகாம்பரம் புற்றிலிருந்து பேசினார். கேட்க ஆளும் இருந்தது. காட்டில் எப்போதும் இருக்கும். ஐந்தாம் நாள் சாயங்காலம் கிழக்குப் பாறைக்குப் பின்னால் ஒரு வால் நுனி அசைந்தது.

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

கிளைக்கொம்பன் புற்றின் பக்கம் திரும்பவே இல்லை. குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினான். கூட்டம் முழுவதும் ஒரே பாய்ச்சலில் கரையேறியது. அவர்கள் எல்லோருக்கும் முன்னால், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, ஏகாம்பரம் பறந்துகொண்டிருந்தார்.

சிறுத்தை ஏமாந்து போயிற்று. மான்கள் மருத மரத்தடியில் நின்று மூச்சு வாங்கின. மேலே கிளையில் ஏகாம்பரமும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வாங்கி முடித்ததும் தொண்டையைச் செருமினார்.

"இன்றைய கூவலில் சத்தம் தேவைக்கு அதிகம்."

கிளைக்கொம்பன் அண்ணாந்து பார்த்தான். "ஆமாங்கய்யா. எங்க எல்லாருக்கும் முன்னாடி பறக்கிறீங்களே, அந்தத் தூரத்துக்குக் கேக்க வேணாமா?"

எச்சரிக்கை செய்பவரிடம் ஓயாமல் பிழை தேடுகிறவரின் பேச்சை நம்புவதற்கு முன், ஆபத்து வந்ததும் அவர் யார் குரலை நம்பி ஓடுகிறார் என்று பார்க்க வேண்டும்.