ஆக்‌ஷன் சொன்னால் அணைந்த கேமரா

“என் பிழைப்பு போச்சுக்கா,” என்றபடி மாடி ஏறி வந்தான் பொன்லிங்கம்.

கற்பகத்தக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதில் ஒரு மாப்பிள்ளை தாலியும் கையுமாக அசையாமல் நின்றிருந்தார். தென்காசியில் மருந்துக்கடை மாடியில் இருந்துகொண்டு ஊர்க் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருபவர் அக்கா. பொன்லிங்கத்துக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். பேச்சில் மட்டும் படு கருமி.

“உக்காரு.”

உட்கார்ந்து சொன்னான். நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு வீடியோ எடுக்கக் கற்றுக்கொடுக்கிறான். வாரம் ஒரு பீரியட், அதுவும் கணக்கிடமிருந்து பிடுங்கியது. கணக்கு வாத்தியாரே தலைமையாசிரியர். சனிக்கிழமை ஆண்டு விழாவில் பிள்ளைகள் எடுத்த படத்தைப் போட வேண்டும். படம் தேறாவிட்டால் பீரியட் மறுபடி கணக்குக்கே போய்விடும். அன்று வியாழன்.

“எடுத்தாச்சா?”

“நேத்து முழுநாளும் எடுத்தோம். ‘தண்ணீரைச் சேமிப்போம்’. கதை, வசனம் எல்லாம் நாந்தான். ஆனா ஒண்ணுமே இல்லக்கா.”

“ஏன்?”

“மெகருன்னிசான்னு ஒரு பிள்ள கேமராவுல நின்னுச்சு. ரெண்டாவது ஷாட்ல பதட்டத்துல பட்டனை ரெண்டு தடவ அமுக்கிட்டு. அதுலருந்து எல்லாம் தலைகீழு. நான் ஆக்‌ஷன்னு சொன்னா கேமரா நின்னிருக்கு. கட்டுன்னு சொன்னா ஓடியிருக்கு.”

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“சிரிக்காதீங்கக்கா. வயிறு எரியுது.”

“சரியாப் பதிஞ்சது எது?”

“மொத ஷாட் மட்டும்.”

அதை ஓட்டினார்கள். இசக்கிராஜ் என்ற பையன் பள்ளிக்கூடக் குழாயடியில் விறைத்து நின்று, “தண்ணீர் நமது உயிர், அதை வீணாக்காதீர்” என்று ஒப்பித்தான். குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. சொட்டுச் சத்தம் பதிந்துவிடக் கூடாதென்று பொன்லிங்கம் அதன் வாயில் துணி சுற்றியிருந்தான்.

அக்கா படத்தை நிறுத்தி, பையனின் கண்ணை விரலால் தொட்டார்.

“இவன் யாரப் பாக்கான்?”

“என்னையத்தான். மறந்துட்டா நான் வாயசைச்சுக் காட்டுவேன்.”

அக்கா அடுத்ததை ஓட்டினார்.

மற்றவை எல்லாம் ‘கட்’டுக்குப் பிறகு ஓடியவை. பிள்ளைகள் மூக்கைச் சொறிந்தார்கள். பொன்லிங்கத்தின் குரல் திட்டியது. ஒன்று மட்டும் நீளமாக இருந்தது.

“இது என்ன, பன்னிரண்டு நிமிசம்?”

“அதுவா? எட்டு தடவ எடுத்தும் இசக்கி ஒழுங்காச் சொல்லல. கோவத்துல டீ குடிக்கப் போயிட்டேன். அத எதுக்குக்கா பாத்துக்கிட்டு?”

ஓட்டினார்.

பொன்லிங்கத்தின் தலை மறைந்ததும் இசக்கி குழாயிலிருந்த துணியை உருவி எறிந்தான்.

“ஏல, உள்ள ரப்பர் வாசர் போயிருக்கு. குழாய் ரிப்பேருக்குப் போற எங்கப்பா தினம் பத்து மாத்துதாரு. யாராவது பிஞ்ச செருப்பு கொண்டாங்க.”

எட்டு தடவை எச்சில் விழுங்கிய பையனா இது? பொன்லிங்கம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

ஒருவன் வால்வை அடைக்க ஓடினான். ஒருத்தி காம்பஸை எடுத்துச் செருப்பு ரப்பரில் ஊன்றினாள். “ஆரம் எவ்ளோல?” “ஒம்பது மில்லி வையி.” வட்டம் விழுந்தது. கழற்றிய குழாய்க்குள் இருட்டாக இருந்ததால் பிரின்சி என்ற பிள்ளை தன் சோற்று டப்பா மூடியை வெயிலில் சாய்த்து, வெளிச்சத்தை நேரே உள்ளே இறக்கினாள்.

“ஆறு வாரம் தெர்மாகோல் வச்சு வெளிச்சம் அடிக்கச் சொல்லிக் குடுத்தேன். ஒரு தடவகூட இவளுக்கு வரலியேக்கா.”

கேமராவும் சும்மா இல்லை. அது ஓடவில்லை என்ற தைரியத்தில் மெகருன்னிசா திருப்பித் திருப்பிப் பழகிக்கொண்டிருந்தாள். இசக்கியின் கை, ரப்பர் வட்டம், மூடியின் பளபளப்பு, எல்லாமே பதறாமல் வந்தன.

இசக்கி ரப்பர் வட்டத்தை உள்ளே வைத்துக் குழாயை மூட்டினான். வால்வைத் திறந்தார்கள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு எல்லார் முகத்திலும் அடித்தது. ஒரே கும்மாளம். இசக்கி இன்னும் அரைச் சுற்று இறுக்கினான். நின்றது. ஒரு சொட்டு இல்லை. பிள்ளைகள் சத்தம் போடாமல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது திரைக்குள் பொன்லிங்கம் வந்தான். நனைந்த சட்டைகளைப் பார்த்தான். திட்டோ திட்டென்று திட்டித் தீர்த்தான்.

நாற்காலியில் இருந்த பொன்லிங்கத்துக்கு வெட்கமாகிவிட்டது.

“குழாய் நின்னதையே நான் பாக்கலக்கா.”

அக்கா மவுஸை அவன் பக்கம் தள்ளினார்.

அவன் வெட்டியது ஒரே இடம்தான், தான் வரும் இடம். பிறகு தலையைச் சொறிந்தான்.

“இதுக்கு மேல நான் குரல் குடுத்துரட்டா? தண்ணீரோட அவசியத்தப் பத்தி. ரெண்டே வரி.”

அக்கா மைக்கின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி, மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தன் தாலி மாப்பிள்ளையைக் கவனிக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை படம் ஓடியது. ‘ஒளிப்பதிவு: மெகருன்னிசா’ என்று வந்ததும் ஏழாம் வகுப்பு விசிலடித்தது. கூட்டத்திலிருந்து இசக்கியின் அப்பா, “ரொம்ப இறுக்காதல, மரை போயிரும்” என்று திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். காம்பஸ் வந்த இடத்தில் நிமிர்ந்த தலைமையாசிரியர் கடைசிவரை நாற்காலியில் சாயவே இல்லை.

விழா முடிந்ததும் பொன்லிங்கத்தைத் தனியே கூப்பிட்டார்.

“மூணு வாரமா ஆரம், விட்டம்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்துதேன். பரீட்சையில ஒரு பய எழுதல. இங்க எப்படிய்யா வட்டம் போட்டாங்க?”

“தெரியல சார்.”

“நீங்க அப்ப எங்க இருந்தீங்க?”

பொன்லிங்கத்துக்குப் பொய் வராது.

“டீ குடிக்கப் போயிருந்தேன் சார்.”

தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். வீடியோ பீரியட் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். நாலடி நடந்தவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“எந்தக் கடையில?”