களஞ்சியத்தில் எரிந்த விளக்கு

பனிமலைச் சரிவில் தமிழ்த் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. அதன் தலைவி ஞானாம்பிகை அம்மையார். சீடர் தணிகாசலம் அவரைவிட இருபது வயது மூத்தவர். பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், எந்த வண்டி தாமதமானாலும் அவருக்குப் பொறுக்காது. இப்போது தாமதமாகிக்கொண்டிருந்த வண்டி அவரேதான்.

ஐப்பசியில் மடத்துக்கு வந்தார். தை பிறந்தும் காவி கிடைக்கவில்லை.

“சித்திரையில வந்தவங்களுக்கு ஆடியிலயே தீட்சை குடுத்தீங்களாம். எனக்கு மட்டும் ஏம்மா இழுத்துக்கிட்டே போகுது? மாசிக்குள்ள இல்லேன்னா ஊருக்குக் கிளம்பிடுவேன்.”

“சரி” என்றார் அம்மையார்.

மடத்தில் எலியைக் கொல்வதில்லை. களஞ்சியத்தில் பிடிபட்டால் கூண்டில் வைத்துத் தீனி போட்டு, பனி உருகியதும் காட்டில் விடுவார்கள். அது தணிகாசலத்தின் வேலை. ஐப்பசிக் கடைசியில் ஓர் எலி கோதுமைத் தொட்டியில் குட்டி போட்டிருந்தது. பால் மறந்த குட்டிகளை அவர் இரண்டு கூண்டுகளில் பிரித்து, ஒன்றை மாட்டுக்கொட்டிலில் வைத்தார். மற்றது களஞ்சியத்தில், அவர் படிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

இருட்டியதும் சாப்பிட்டு, விளக்கை அணைத்துப் படுப்பது மடத்து வழக்கம். தணிகாசலம் மட்டும், சீக்கிரம் தேறிவிடும் அவசரத்தில், களஞ்சியத்தில் விளக்கேற்றி நள்ளிரவு வரை சாத்திரம் படித்தார்.

ஒருநாள் ஓடிவந்தார்.

“அம்மா, களஞ்சியத்துக் கூண்டுல வளர்ந்த எலி குட்டி போட்டிருக்கு! கொட்டில்ல இருக்கிறதுங்க இன்னும் பொடிசாவே கெடக்கு. அதே தாய், அதே கோதுமை.”

“கொட்டில்தானே கதகதப்பான இடம்?”

“அதான் பாருங்களேன்!”

மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. தன் பராமரிப்பில் எலிகூட நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டது.

அந்த வாரமே கடும்பனி இறங்கியது. தாய்க்குப் பால் வற்றிவிட்டது. தணிகாசலம் பஞ்சு வைத்துப் பார்த்தார், குட்டிகளை மடியில் கட்டிக்கொண்டும் பார்த்தார். ஒவ்வொன்றாக விறைத்துச் செத்தன. ஒரு மாலையில் கடைசிக் குட்டியை உள்ளங்கையில் ஏந்தி வந்து அம்மையார் முன்னால் அழுதார்.

“நான் என்ன குறை வச்சேன்?”

“குறை ஒண்ணும் வைக்கல. விளக்கைத்தான் கூடுதலா வச்சீங்க.”

“விளக்கா?”

“இந்த மலை எலிங்க பகலைப் பார்த்துத்தான் பருவத்துக்கு வரும். பகல் நீண்டா சீக்கிரம் வரும், சுருங்கினா காத்திருக்கும். உங்க விளக்கைப் பார்த்து, வசந்தம் வந்துடுச்சுன்னு நம்பிடுச்சுங்க.”

“அப்போ கொட்டில்ல இருக்கிறதுங்க?”

“அதுங்களுக்கு ஒண்ணுமில்ல. பங்குனியில பகல் நீண்டதும் தானா வளரும், பாருங்க.”

அம்மையார் உள்ளே போய், மடித்த காவித்துணி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

“நீங்க வந்த அன்னிக்கே சாயம் தோய்ச்சு வச்சது. இப்பவே கட்டிக்கிறீங்களா?”

தணிகாசலம் துணியைப் பார்த்தார். கையிலிருந்த குட்டியைப் பார்த்தார். கை நீளவில்லை.

“மாசியில ஊருக்குக் கிளம்பணும்னீங்களே?”

“பங்குனியில கொட்டில் எலிங்களைக் காட்டுல விடணும்மா.”

அம்மையார் துணியை மடியில் வைத்துக்கொண்டார். வெளியே வெயில் இறங்கியிருந்தது.

“அப்போ களஞ்சியத்து விளக்கை அணைச்சிட்டு வந்து சாப்பிடுங்க.”