பதினாறு பூச்சு

தீட்சை இன்றைக்கே வேண்டும், இல்லையென்றால் இனி இந்தப் படி ஏறுவதில்லை. இப்படி ஒரு முடிவோடுதான் சங்கரநயினார் அந்த வியாழக்கிழமை காலை மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்தார்.

வயது அறுபத்து மூன்று. தென்காசியில் பெயிண்ட் கடை. குருவான நீலாவதி அம்மாவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. தன்னைவிடச் சின்னவரிடம் கைகட்டி நிற்பதே பெரிய விஷயம் என்று அவருக்கு உள்ளுக்குள் ஓர் எண்ணம். அதை யாரும் மெச்சவில்லையே என்கிற குறையும் உண்டு.

அம்மா அடுக்களை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பதினாறு வருஷமா வாரேன் அம்மா. நேத்து வந்தவங்களுக்கெல்லாம் மந்திரம் குடுத்தாச்சு. எனக்கு மட்டும் என்ன குறை?"

"இன்னைக்குச் சொல்லிருதேன் அண்ணாச்சி. அதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு. தொழுவத்துக் கூரையைப் பிரிக்கணும்."

"ரெண்டு ஆளை அனுப்புதேன்."

"நீங்கதான் பிரிக்கணும்."

அது அவர் கொடுத்த தகரக் கூரை. ஆசிரமத்துக்கு அவர் செய்த முதல் தர்மம். ரோட்டைப் பார்த்த சரிவில் முழ உயரத்துக்குப் பச்சை எழுத்து: 'உபயம்: ச. சங்கரநயினார், தென்காசி.' வருஷா வருஷம் தை பிறந்ததும் எனாமல் டப்பாவோடு அவரே ஏணியில் ஏறி எழுத்தின்மேல் ஒரு பூச்சு பூசிவிடுவார். ஆளை விட்டால் சுழியைக் கோணலாக்கிவிடுவான். பஸ்ஸில் போகிறவர்கள் படிக்க வேண்டாமா?

பிரிக்கணும் என்றதும் முகம் தெளிந்துவிட்டது. பிரித்தால் புதுசு போட வேண்டும். போடப் போவது வேறு யார்? நீலத் தகடு, மஞ்சள் எழுத்து. பேரன் பெயரையும் சேர்த்துவிடலாம். ஏறுவதற்குள் மனசுக்குள் எழுத்தை அளந்து முடித்துவிட்டார்.

ஒவ்வொரு தையிலும் போலவே ஏணியை அம்மா பிடித்துக்கொண்டார். தொழுவத்தின் அரைச் சுவரை ஒட்டித்தான் ஏணி; சுவருக்கு மேலே திறப்புதான். மாடுகளைப் பார்த்துக்கொள்கிற பேச்சியம்மாள் தகடுகளைக் கீழே வாங்க வந்து நின்றாள். அவள் வாய் சும்மா இருக்காது.

"முகட்டுல இருந்து ஆரம்பிங்க அண்ணாச்சி. அடித்தகட்டை முதல்ல உருவுனா மேல்தகடு உங்க மடியிலதான் வந்து விழும்."

"எனக்கே பாடமா? நான் கடை வச்சிருக்கிறவன்."

"பெயிண்ட் கடைதானே வச்சிருக்கீக."

அவர் சட்டத்தில் கால் வைத்து ஏறினார். முகட்டிலிருந்தே ஆரம்பித்தார்.

ஸ்பேனரை வைத்ததும் முதல் போல்ட் முறிந்து கையோடு வந்தது. இரண்டாவதும் அப்படியே. திருகவே தேவையிருக்கவில்லை. முகட்டுத் தகடு மூன்று துண்டாக வந்தது. துரு, தகரத்தோடு பிறந்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, எழுத்து இருந்த தகட்டின் ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கினார்.

தகடு அப்பளமாக நொறுங்கிக் கொட்டியது.

கையில் மிஞ்சியது எழுத்து. 'நயினா' மட்டும். சுற்றிலும் இருந்த தகரம் முழுக்கப் போய்விட்டது. பதினாறு பூச்சு எனாமல் அடை கனத்துக்கு ஏறியிருந்ததால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி, அவர் பெயர் மட்டும் விறைப்பாக நின்றது. அதன் நடுவே வானம் தெரிந்தது.

"பேரு கல்லு மாதிரி இருக்கு" என்றாள் பேச்சியம்மாள்.

அவர் காதில் அது விழவில்லை. கூரையில் இப்போது ஏற்பட்ட பொத்தல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். தரையெல்லாம் பாசி. மூலையில் இடுப்பளவுக்குச் செடி. தண்ணீர்த் தொட்டியில் தலைப்பிரட்டைகள் நெளிந்தன. சாணி இல்லை, வைக்கோல் இல்லை, ஒரு கயிற்றுத் துண்டுகூட இல்லை.

"மாடெல்லாம் எங்க, பேச்சி?"

"மேயப் போயிருக்கு."

"கட்டுறது எங்கன்னு கேக்கேன்."

"வெயில்னா புளியமரத்தடி. மழைன்னா மண்டபம்."

"எந்த மண்டபம்?"

"நீங்க கண்ணை மூடி உக்காருவீகல்லா, அதேதான். உங்க பாய்க்குப் பின்னால, திரைக்கு அந்தப் பக்கம்."

மழைக்காலமானால் தியான மண்டபத்தில் சாணி வாடை தாங்கவில்லை என்று சத்தம் போட்டவர் அவர்தான். ஆசிரமத்தில் சுத்தமே இல்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு, ஒரு பெட்டி நிறைய ஊதுபத்தியும் வாங்கி இறக்கினார்.

"நல்ல பத்தி அண்ணாச்சி அது" என்றாள் பேச்சியம்மாள். "மாட்டுக்கு ஒரு கொசு அண்டலை."

"எத்தனை வருஷமா இப்படி?"

"ஒழுக ஆரம்பிச்சு போன மழையோட ஏழு."

ஏழு தை மாதம். ஏழு தடவை இதே கூரைமேல் தூரிகையோடு குனிந்து, சுழி கோணாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. கீழே காலித் தொழுவம்.

சட்டத்தைப் பிடித்துக்கொண்டே ஏணிக்கு நகர்ந்தார். பிறகு இறங்கினார். 'நயினா'வை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா."

"சொல்லியிருக்கலாம்."

"அன்னைக்கே வண்டியில தகடு வந்து இறங்கியிருக்குமே."

"இறங்கியிருக்கும். எழுத்தும் வந்திருக்கும்."

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. நொறுங்கிய தகரத்தைக் கூடையில் அள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

அந்த நேரத்திலும் அவருக்கு வந்த காரியம் மறக்கவில்லை.

"என்னைப் பதினாறு வருஷம் காக்க வச்சுட்டீங்க."

அம்மா ஏணியிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை.

"நானும்தான் அண்ணாச்சி இதைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். இறங்கும்போது ஒரு தடவையாவது உள்ளே திரும்பிப் பார்ப்பீங்கன்னு."