சென்னியப்பன் வாங்கப் போன சிவப்புப் புள்ளி

துப்பாக்கிக்கு ஒரு சிவப்புப் புள்ளி வாங்க வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது என்றால், நீங்கள் முதலில் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

சென்னியப்பன் எல்லோரிடமும் கேட்டுவிட்டார். கடைக்காரரிடம் கேட்டார். செல்போனில் வீடியோ போடுகிற ஆட்களைக் கேட்டார். கூட்டாளி அவிநாசியப்பனிடம் கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில்தான் குருவிடம் வந்தார்.

குரு என்றதும் தாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். கோகிலவாணி சென்னியப்பனைவிட வயதில் ரொம்பச் சின்னவர். மலையடிவாரத்தில் இருக்கிற துப்பாக்கிச் சங்கத்தில் அவர்தான் பயிற்சி கொடுக்கிறவர். முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, கழுத்தில் காதடைப்பானைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார். சென்னியப்பன் அவரை அம்மணி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அந்த அம்மணி தலையசைக்காமல் அவர் துப்பாக்கியில் ஒரு விரலை வைத்தது கிடையாது.

சென்னியப்பன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, மதியத்துக்கு மேல் சங்கத்துக்கு வருவார். சாயங்காலம் மணியடிக்கும் முன்னே போய்ப் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திவிடுவார். அவர் வண்டியில் போன பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்ததில்லை. அந்த வேன் திரும்பி வருகிற சத்தம் கேட்டுத்தான் எங்கள் பக்கத்தில் அம்மாக்கள் அடுப்பில் பால் வைப்பார்கள்.

அன்றைக்கு இரண்டு சின்னப் பெட்டிகளோடு வந்தார்.

"அம்மணி, பழைய இரும்புக் குறி மங்கலாத் தெரியுதுங்க. வயசாயிப் போச்சு. ஞாயித்துக்கெழமை தகட்டுப் போட்டிக்கு ரெட் டாட் வெச்சுச் சுடலாம்னு பாக்கறேன். இது ரெண்டுல எதை வாங்கட்டுங்க?"

ரெட் டாட் என்பது கைக்கடக்கமான ஒரு கண்ணாடிக் குழல். துப்பாக்கியின் முதுகில் பூட்ட வேண்டும். உள்ளே பார்த்தால் சிவப்பாக ஒரு புள்ளி எரியும். அந்தப் புள்ளியைக் குறியின் மேல் வைத்துச் சுட வேண்டியதுதான்.

"ரெண்டு எதுக்குங்ணா?" என்றார் குரு.

"ரெண்டும் வெலை கம்மிதானுங்க. வேண்டாங்கறதைத் திருப்பிக் குடுத்துக்கலாம்னு கடைக்காரன் சொன்னான்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவிநாசியப்பன் சிரித்தார்.

"வெண்டைக்காய்க் கடையில ஒவ்வொண்ணா நுனியை ஒடிச்சுப் பாக்கற ஆளு இவரு. ரெண்டே பொட்டியோட அனுப்பி வெச்சானே, அந்தக் கடைக்காரன் பொழச்சான்."

"நீ பேசாதப்பா. உன்ற துப்பாக்கி மேல இருக்கறதோட வெலைக்கு நான் ஒரு கன்னுக்குட்டியே புடிச்சுட்டு வந்துருவேன்."

"புடிச்சுட்டு வாங்க. அது மேல உக்காந்து சுடலாம்."

குரு இரண்டு பெட்டிகளையும் பிரித்துப் பார்த்தார்.

"அண்ணா, நீங்க சுடறது பாயின்ட் டூ டூ. சின்னத் தோட்டா, தோள்ல உதையே கெடையாது. பெரிய துப்பாக்கியா இருந்தா மட்டமான சாமானெல்லாம் ஆடிப் போயிரும். இதுக்கு இந்த வெலையே தாராளம்."

"அது சரிங்க. எதுன்னு சொல்லுங்க."

"புள்ளி நகராம நிக்கணும். வெயில்ல தெரியணும். பேட்டரி நம்மூர்க் கடையில கெடைக்கணும்."

"அதெல்லாம் ரெண்டுலயும் இருக்குதுங்க."

"அப்ப உங்க கண்ணுக்கு எது தோதோ அதை எடுத்துக்குங்க."

குரு துப்பாக்கியை எடுத்தார். உள்ளே தோட்டா இல்லை என்று திறந்து காட்டினார். முதல் ரெட் டாட்டை மேலே பூட்டி, மணல் மூட்டையின் மேல் வைத்தார். அந்தக் கடைசியில், மண்மேட்டுக்கு முன்னால், போட்டிக்கான இரும்புத் தகடுகள் வெள்ளையாக நின்றன.

சென்னியப்பன் தொப்பியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அந்தத் தொப்பியில் இடது பக்கம் ஒரு கறுப்பு அட்டை தொங்கும். இடது கண்ணை மறைக்கத்தான். சுடும்போதெல்லாம் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தால் கன்னம் வலிக்கும் என்று நிறையப் பேர் இப்படி மாட்டிக்கொள்வார்கள். காலண்டர் அட்டையை வெட்டிக் கறுப்புத் துணி ஒட்டி அவரே செய்தது. அது இல்லாமல் அவர் சுட்டதை யாரும் பார்த்ததில்லை.

"அட்டையை மேல தூக்கிக்குங்ணா. இதுக்கு ரெண்டு கண்ணும் தொறந்திருக்கணும்."

சென்னியப்பன் நிமிர்ந்தார்.

"இத்தனை வருசமா ஒரு கண்ணுலதானுங்களே சுடறேன். இன்னொரு கண்ணு எதுக்குங்க?"

குரு கால்சட்டைப் பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்தார். ஒரு துண்டு கிழித்து, ரெட் டாட்டின் முன்பக்கக் கண்ணாடியில் ஒட்டி முழுக்க அடைத்தார்.

"ஏனுங் அம்மணி, கண்ணாடியை அடைச்சுப்போட்டு எங்க பாக்கச் சொல்றீங்க?" என்றார் அவிநாசியப்பன்.

"நீங்களே மொதல்ல வந்து பாருங்க. ரெண்டு கண்ணையும் தொறந்து."

அவிநாசியப்பன் குனிந்தார். ஒரு சத்தம் போட்டார்.

"அட! தகட்டு மேலயே புள்ளி நிக்குது! அடைச்சது அடைச்சபடி இருக்குது, எப்படிங்க தெரியுது?"

"ஒரு கண்ணு புள்ளியைப் பாக்குது. இன்னொரு கண்ணு தகட்டைப் பாக்குது. ரெண்டும் ஒண்ணாச் சேந்துக்குது. அண்ணா, நீங்க வாங்க."

சென்னியப்பன் அட்டையை மேலே தூக்கிவிட்டுக் குனிந்தார்.

"என்ன தெரியுதுங்ணா?"

"புள்ளி."

"தகடு?"

"அடைச்சு வெச்சா எப்படித் தெரியும்? இருட்டா இருக்குது."

"ரெண்டு கண்ணும் தொறந்திருக்குதா?"

"தொறந்துதானுங்க இருக்குது."

"பழக்கமில்லாததால இருக்கும். கொஞ்ச நேரம் பாருங்க."

கொஞ்ச நேரம் பார்த்தார். புள்ளி மட்டும்தான்.

"இந்தச் சாமான் சரியில்லீங்க. அடுத்ததை மாட்டுங்க."

அடுத்ததை மாட்டி, அதற்கும் டேப் ஒட்டினார் குரு. அதிலும் இருட்டு.

"ரெண்டுமே மட்டம். கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்."

"என்றதுல பாத்துட்டு அப்புறம் அவனைத் திட்டுங்க" என்று அவிநாசியப்பன் தன் ரெட் டாட்டைக் கழற்றிக் கொடுத்தார். "கன்னுக்குட்டி வெலை. பாத்துப் புடிங்க."

குரு அதையும் பூட்டினார். சென்னியப்பன் குனிந்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"உன்றதும் இப்படித்தாண்டா இருக்குது" என்றார்.

அவிநாசியப்பன் சிரிக்க வாயெடுத்தவர், குருவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

குரு சென்னியப்பனைத் தகடுகளைப் பார்த்து நேராக நிற்க வைத்தார். அவருடைய தொப்பியைத் தானே கழற்றினார். இடது பக்கம் இருந்த அட்டையை உருவி எடுத்தார். அதை வலது பக்கம் மாட்டினார். தொப்பியை அவர் தலையில் வைத்தார்.

"இப்ப என்ன தெரியுதுங்ணா?"

சென்னியப்பன் சிரித்தார்.

"வெளையாடாதீங்க அம்மணி. ரெண்டு கண்ணையும் மூடிட்டுக் கேட்டா எப்படி?"

"அண்ணா, நான் ஒரு கண்ணைத்தான் மூடியிருக்கேன்."

சென்னியப்பனின் கை மேலே போனது. வலது பக்கம் அட்டை தட்டுப்பட்டது. இடது பக்கம் தொட்டார். அங்கே அட்டை இல்லை. கண் திறந்திருந்தது. அவருடைய இமைமயிரே அவர் விரலில் குத்தியது.

விரலைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டினார். இன்னும் கிட்டே கொண்டுவந்து ஆட்டினார்.

"ஓரத்துல லேசா வெளிச்சம் தெரியுது" என்றார். "நடுவுல ஒண்ணுமே இல்லீங்க."

அவிநாசியப்பன் ஓடிவந்து பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தார். சென்னியப்பன் அட்டையைத் தூக்கினார். உலகம் திரும்பி வந்தது. இறக்கினார். போனது. தூக்கினார். இறக்கினார்.

"அட்டையத் தூக்குனா எல்லாமே தெரியுதுங்களே அம்மணி! மலை தெரியுது, தகடு தெரியுது, நீங்க தெரியறீங்க!"

"எல்லாத்தையும் வலது கண்ணே பாத்துக்கிட்டு இருந்திருக்குதுங்ணா."

"எப்பருந்து?"

"தெரியலீங்ணா."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா? தெரிஞ்சுதான் டேப் ஒட்டுனீங்களா?"

"சத்தியமாத் தெரியாதுங்ணா. ரெண்டு கண்ணு எதுக்குன்னு கேட்டீங்க. அதைக் காட்டத்தான் ஒட்டுனேன்."

அவிநாசியப்பன் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"இப்பவெல்லாம் ஆபரேசன் பண்ணிச் சரி பண்ணிப்போடறாங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள..." என்று ஆரம்பித்தவர், பாதியில் விட்டுவிட்டுச் சொம்பை நீட்டினார்.

சென்னியப்பன் தண்ணீரைத் தொடவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"போன மாசம் வேப்பங்கிளை பட்டு சைடு கண்ணாடி ஒடைஞ்சுது. இடது பக்கம். அப்புறம் ஒரு பையன் சைக்கிள்ல திடீர்னு வந்தான். என்னடா கண்ணு தெரியலையான்னு அவனைத் திட்டுனேன்."

குருவை அண்ணாந்து பார்த்தார்.

"அம்மணி, புள்ளைங்க எறங்கறது இடது பக்கமுங்க."

அப்போதுதான் அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதறி எழுந்தார்.

"பள்ளிக்கூடம் விடற நேரமாச்சு!"

"அண்ணா."

"இன்னைக்கு ஒரு தடவை மட்டும் கூட்டியாந்து விட்டுப்போடறேன் அம்மணி. நாளைக்கு மொத வேலையா ஆஸ்பத்திரிக்குப் போறேன். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்து ஓட்டிக்கறேன். இத்தனை நாளா ஒண்ணும் ஆகலீங்களே!"

"ஒரு தடவைதானுங்களே" என்றார் அவிநாசியப்பனும், மெதுவாக. "புள்ளைங்க வாசல்ல நிக்குமே."

குரு வேண்டாம் என்று சொல்லவில்லை. வழியை மறிக்கவும் இல்லை. வேன் நிற்கிற இடத்துக்கு அவர்களுக்கு முன்னால் நடந்தார்.

சென்னியப்பன் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டுத் திருகினார். வண்டி உறுமியது. எதிரே ரோட்டைப் பார்த்தார். அவிநாசியப்பன் அவருடைய வலது பக்க ஜன்னலோரம் வந்து நின்றார்.

"அம்மணி எங்கப்பா?" என்றார் சென்னியப்பன். "கோவிச்சுக்கிட்டாங்களா? சொல்லிட்டுப் போலாம்னு பாத்தா ஆளைக் காணோம்."

அவிநாசியப்பன் சென்னியப்பனைத் தாண்டி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் கழுத்தைத் திருப்பினார்.

குரு இடது பக்கக் கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டாட்டா காட்டுவதற்காக நிற்பார்களே, அந்த இடத்தில். ஒரு கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டே நின்றார். எவ்வளவு நேரமாக ஆட்டிக்கொண்டிருந்தாரோ.

சென்னியப்பன் வண்டியை அணைத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டியரிங் கொதிக்கிற பாத்திரம் மாதிரி, மறுபடி அதைத் தொடவே இல்லை.

பிறகு கேட்டார்.

"உங்களுக்கு இந்த வண்டி ஓட்ட வருங்களா அம்மணி?"

"சங்கத்து ஜீப்பை நான்தானுங்ணா ஓட்டறேன்."

சாவியை உருவி நீட்டினார். இறங்கினார். குரு வாங்கிக்கொண்டு சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். சென்னியப்பன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பெஞ்சுக்குத் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

"அண்ணா, எங்க போறீங்க?"

"நான் இங்கயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க. அந்தப் புள்ளைங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? இனி இந்த வண்டியில எனக்கு என்ன வேலைங்க?"

குரு அந்தப் பக்கக் கதவை எட்டித் திறந்துவிட்டார்.

"எந்தப் புள்ளையை எந்த வீட்டுல எறக்கி யாரு கையில குடுக்கணும்னு எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்ணா. பக்கத்துல ஏறி உக்காந்து சொல்லிக்கிட்டே வாங்க."